மயிலு தப்பாக எழுதிய ராத்திரி

பள்ளிக்கூடத்தில் தமிழ் என்றால் மயிலுக்குத்தான் முதல் மார்க். அந்த மிடுக்கு இன்னும் போகவில்லை. எங்கள் ஐந்து பேர் வாட்ஸ்அப் குழுவில் மற்ற நாலு பேரும் எப்படியோ கிறுக்குவோம். அவள் மட்டும் ஒற்று வைத்து, முற்றுப்புள்ளி வைத்துத்தான் அனுப்புவாள். நாங்கள் ஒரு 'க்' விட்டால் போதும், அடுத்த நிமிஷம் திருத்தம் வந்துவிடும். மயிலு என்பது நாங்கள் வைத்த பேர். மற்றவர்களையும் பட்டப்பேரில், ஊர்ப்பேரில் சொல்லிவிடுகிறேன். அவரவர் குடும்பத்துக்கு அதுதான் மரியாதை.

சித்திரை மாதம் அது. காங்கேயத்துக்கும் வெள்ளக்கோயிலுக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்கு மத்தியில் அவளுடைய தோட்டத்துச் சாளை. தோட்டத்து வீட்டை எங்கள் பக்கம் சாளை என்போம். வீட்டுக்காரர் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒரு ஜோடிக் காளையோடு போய் மூன்று நாள் ஆகியிருந்தது. சந்தைக்குப் போனால் மாடு கட்டிய இடத்திலேயே படுக்கை, அங்கேயே சோறு. மகள் சென்னையில் வேலை. சாளையில் மயிலு, காது மந்தமான மாமியார், இரண்டு நாய்கள்.

ராத்திரி 9:10-க்கு அவள் அனுப்பியது இன்னும் என் போனில் இருக்கிறது: "காளைகளுக்கு நல்ல விலை கேட்கிறார்களாம். அவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. விற்றுவிட்டு வந்தால் உங்கள் நாலு பேருக்கும் சந்தைப் பொரி உண்டு." ஒரு பிழை கிடையாது.

9:24-க்கு அடுத்தது வந்தது. "அவருகக சநதை பொன கயி கயி". அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்றி புள்ள, சாளையில கள்ளு எறக்கிட்டாங்களா?" என்று எழுதினேன். டீச்சர் நாலு சிரிப்புப் படம் போட்டாள். கோபிக்காரி, "தூக்கத்துல அடிக்கறா, போய்ப் படு கண்ணு" என்றாள். 9:31-க்கு மயிலிடமிருந்து பதினோரு நொடிக் குரல் பதிவு. முதல் மூன்று நொடி கேட்டேன். கொழகொழவென்று இருந்தது. தோட்டத்தில் டவர் கிடைக்காதது வழக்கம்தானே என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த பில் கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

9:47-க்குத்தான் பல்லடத்துக்காரி பாத்திரம் கழுவி முடித்து போனை எடுத்தாள். சிரிக்கவில்லை. "அவளுக்கு யாராச்சும் போன் பண்ணீங்களா?" என்று ஒரே கேள்வி. பதிலுக்குக் காத்திராமல் அவளே வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். அவளுடைய மாமியாருக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. அன்றைக்கு நாலு மணி நேரம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சூடு பட்டவள்.

வீடியோவில் முதலில் கூரைதான் தெரிந்ததாம். பிறகு முகம். "ஈன்னு சிரி கண்ணு" என்றிருக்கிறாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தது. "ரெண்டு கையும் தூக்கு" என்றதும் ஒரு கை வந்தது, ஒன்று வரவில்லை, போன் கீழே விழுந்தது. "உன்ற பேரு சொல்லு" என்றதற்கு ஏதோ சத்தம், பேச்சாக இல்லை. முகம், கை, பேச்சு. மூன்றில் ஒன்று திடீரென்று மாறினாலே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மயிலுக்கு மூன்றுமே மாறியிருந்தது.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மூளையின் இடது பக்கம் ரத்தக் குழாய் அடைத்தால் வலது கையும் பேச்சும் சேர்ந்து போவதுண்டு. பேச்சு குழறும் முன்பே எழுத்து குழறலாம். குறுஞ்செய்தி உளறலாக வந்ததை வைத்துப் பக்கவாதத்தைச் சந்தேகித்த நோயாளிகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2012, 2013-லேயே எழுதி, அதற்கு 'டிஸ்டெக்ஸ்டியா' என்று ஒரு பேரும் வைத்திருக்கிறார்கள். பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நான் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். 9:24-லிருந்து 9:47 வரைக்கும் 23 நிமிஷம். பெருக்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 4 கோடியே 37 லட்சம். அந்த நேரத்தில் நான் கள்ளு ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

108-க்கு நான்தான் அடித்தேன். எடுத்தவுடன் மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் அடையாளம் என்று கேட்டார்கள். இங்கேதான் திகைத்துப்போனேன். தினமும் பேசுகிறோம். அவள் வீட்டு மாடு எப்போது ஈனும், மாமியார் என்ன குழம்புக்கு முகம் சுளிப்பார், எல்லாம் அத்துப்படி. சாளை எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு ஒரு தரம், மகளின் சீருக்கு ஒரு தரம் போனேன், இரண்டு தரமும் யாரோ ஓட்டிய காரில் பின்சீட்டில். "ஒரு வேப்பமரம் இருக்குங்க, அங்கிருந்து கிழக்கால ஒரு இட்டேரி போகுங்க" என்கிறேன். காங்கேயத்துப் பக்கம் வேப்பமரம் இல்லாத திருப்பம் ஏது?

டீச்சர் அதற்குள் குழுவில் பழைய செய்திகளைத் தேடினாள். சீருக்கு வரச் சொல்லி மயிலு அனுப்பிய லொகேஷன் கிடைத்தது. அதை வைத்து வண்டி கிளம்பியது. ஆனால் அந்தப் புள்ளி மெயின் ரோட்டில் குத்தியிருந்தது. சாளை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு வண்டி போகிற தடம், வழியில் மூன்று பிரிவு. பகலிலேயே தப்பும்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். அதில் நல்லதும் விளைந்தது, கெட்டதும் விளைந்தது. எங்கள் செட்டு மொத்தமும் இருக்கிற பெரிய குழு ஒன்று உண்டு, எண்பது பேருக்கு மேல். அதில், "மயிலுக்கு வாதம் வந்துருச்சு, சாளைக்கு வழி தெரிஞ்சவங்க, பக்கத்துத் தோட்டத்து நம்பர் இருக்கறவங்க உடனே கூப்பிடுங்க" என்று அவளுடைய முழுப்பேரோடு போட்டேன்.

நல்லது ஆறு நிமிஷத்தில் வந்தது. கூடப் படித்த ஒருவரின் பங்காளி அந்தப் பக்கம் சாளை சாளையாகப் பால் எடுக்கிறவர். கூப்பிட்டேன். "ஏனுங்க அண்ணா, இப்படி இப்படி ஆயிருச்சுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், "நீங்க வெய்யுங்க அம்மிணி, நான் ரோட்டுக்குப் போறேன்" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய், போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு திருப்பத்தில் நின்றிருக்கிறார். ஆம்புலன்ஸுக்கு முன்னால் வழிகாட்டிப் போனதும் அவர்தான், நாய்களைப் பிடித்துக் கட்டியதும் அவர்தான். நாயைப் பற்றி எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. தெரியாத ஆள் ராத்திரியில் கால் வைத்தால் கடித்துக் குதறுகிற நாய்கள் அவை.

கிராமத்தில் அவசரத்துக்கு யார் நம்பர் வேண்டும் என்று இப்போது கேட்டால் சொந்தக்காரர் நம்பருக்கு முன்னால் பால்காரர் நம்பரைச் சொல்வேன். ஒரம்பரை கோயம்புத்தூரில் இருப்பார்கள். பால்காரர் காலையும் பொழுதோடவும் அந்தத் தடத்தில்தான் இருப்பார்.

வண்டி வருகிற வரைக்கும் பல்லடத்துக்காரி வீடியோவைத் துண்டிக்கவே இல்லை. மாமியார் எழுந்து வந்து, மருமகள் கீழே கிடப்பதைப் பார்த்துப் பதறி, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார். பல்லடத்துக்காரி போனில் போட்ட சத்தத்தில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்துவிட்டார்களாம். "அமுச்சி, தண்ணி வேண்டாம்! வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க!" காது கேட்காதவருக்கு எப்படிப் புரிந்ததோ, சொம்பைக் கீழே வைத்துவிட்டார். வாதம் வந்தவர்களுக்கு விழுங்குகிற சக்தி போயிருக்கலாம். தண்ணீரோ காபியோ மாத்திரையோ நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, பக்கத்தில் உட்காருவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எங்கே கொண்டுபோவது என்பதில் ஒரு சின்ன இழுபறி. பெரிய குழுவைப் பார்த்துவிட்டு மயிலின் உறவுக்காரர் ஒருவர் கூப்பிட்டு, பக்கத்திலேயே தெரிந்த டாக்டர் இருக்கிறார், முதலில் அங்கே காட்டிவிடலாம் என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். பல்லடத்துக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. "மாமா, அங்க தலைக்கு சிடி ஸ்கேன் இருக்குதுங்களா? இல்லீன்னா போக வேண்டாமுங்க." ஸ்கேன் எடுத்தால்தான் குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறதா என்று தெரியும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வைத்தியம் நேர் எதிர். ஸ்கேன் இல்லாத இடத்தில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கழிக்கிற ஒரு மணி நேரம் திரும்பி வராது. ஆம்புலன்ஸில் வந்த தம்பியும் அதையே சொன்னதால் வண்டி நேராகத் திருப்பூர் வந்தது.

நான் திருப்பூரிலேயே இருப்பதால் அவளுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். 11:15-க்கு இறக்கினார்கள். முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் இப்படியே இருக்குமாம். பிறகு டாக்டர் கேட்ட கேள்வி: "கடைசியா இவங்க நல்லா இருந்தது எப்ப?"

எப்போது பார்த்தீர்கள் என்றோ, எப்போது விழுந்தார் என்றோ கேட்கவில்லை. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார். வீட்டு ஆளாக இருந்தால் "ஒம்பது மணி வாக்குலங்க" என்று குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார்கள். நான் போனைத் திறந்து 9:10 செய்தியைக் காட்டினேன், பிறகு 9:24. அவர் இரண்டையும் படித்தார். "இவங்க எப்பவும் இப்படித்தான் எழுதுவாங்களா?" என்று முதல் செய்தியைக் காட்டிக் கேட்டார். "ஆமாங்க, ஒரு ஒற்றுகூட விட மாட்டாங்க" என்று சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை அந்தக் கடைசி நல்ல நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நேரம் தெரியவில்லை என்றால் அந்த ஊசியைப் போட யோசிப்பார்கள். ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை என்று வந்தது. ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். 185-க்குக் கீழே இறங்கினால்தான் போட முடியும் என்று அதற்கு முதலில் மருந்து ஏற்றினார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது எடுக்கிறாரா என்று கேட்டார்கள். அதற்கும் போன்தான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மாத்திரை அட்டையைப் படம் எடுத்துப் போட்டு, "இதைச் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?" என்று மயிலு கேட்டிருந்தாள். பிரஷர் மாத்திரை. தலைசுற்றல்தான் நின்றுவிட்டதே என்று ஒரு மாதமாக அதை நிறுத்தியிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வீட்டுக்காரர் போன் சந்தையில் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்திருக்கிறது. பால்காரர் சந்தையில் இருந்த தன் மச்சானைப் பிடித்து, மாட்டுக் கூட்டத்துக்குள் தேடவைத்து, ஒருவர் காரில் தாட்டிவிட்டார். 11:40-க்கு வந்து சேர்ந்தார், காலில் சாணியோடு. ஊசி போட்டால் சிலருக்கு மூளையில் ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? கையெழுத்துப் போட்டார். நடுராத்திரி ஆவதற்குள் ஊசி ஏறிவிட்டது.

இனி அந்தப் பெரிய குழுவின் கதை.

நான் வழி கேட்டுப் போட்ட செய்திக்குக் கீழே ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் விட்டால் வாதம் நின்றுவிடும் என்ற பழைய பார்வர்டு மூன்று தரம் வந்தது. அது முழுப் பொய். அதைச் செய்கிற நேரத்தில் ஆம்புலன்ஸ் பாதி தூரம் போய்விடும். ஒருவர் ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னார். நெஞ்சுவலிக்கு 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்பட முதல் தவணை மாத்திரை கொடுத்து மேலே அனுப்புகிறார்களே, அதைக் கேள்விப்பட்டு இதோடு குழப்பிக்கொண்டார். ரத்தக் கசிவாக இருந்தால் அதே மாத்திரை கசிவை மோசமாக்கிவிடலாம். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு ஒரு மகராசன், பாதி படித்தாரோ படிக்கவே இல்லையோ, மெழுகுவத்திப் படத்தோடு "ஆழ்ந்த இரங்கல்" போட்டார். கீழே பதினான்கு பேர் கும்பிட்டிருந்தார்கள்.

இதெல்லாம் கூடப் போகட்டும். மகளுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. ஊசி போட்டபின் பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தோம். அதற்குள் குழுவில் இருந்த ஒருத்தி, மயிலின் முழுப்பேரைப் போட்டு "பிரார்த்திப்போம்" என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். ராத்திரி பத்தே முக்காலுக்கு ஹாஸ்டல் ரூமில் தனியாக அந்தப் பெண் அதைப் பார்த்திருக்கிறாள். அப்பா போன் அணைந்திருக்கிறது, அம்மா போன் சாளையில் தரையில் கிடக்கிறது. எங்கள் நம்பர் அவளிடம் இல்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி, அம்மா உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல் சேலம் வரைக்கும் வந்திருக்கிறாள். ஸ்டேட்டஸ் வைத்தவளை நான் திட்டவில்லை. பேரும் நோயும் போட்டு எண்பது பேர் நடுவில் எறிந்தது நான். "இந்தத் தோட்டத்துப் பக்கம் யாருக்காவது ஆள் தெரியுமா, அவசரம்" என்று மட்டும் கேட்டிருந்தாலும் அந்தப் பால்காரர் நம்பர் வந்திருக்கும்.

மறுநாளிலிருந்து டீச்சர் கையில் அதிகாரம். பெரிய குழுவுக்குக் காலை எட்டு மணிக்கு ஒரு செய்தி, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு செய்தி, அவள் மட்டும்தான் போடுவாள், போடும் முன் வீட்டுக்காரரிடமோ மகளிடமோ படித்துக் காட்டிவிட்டு. டாக்டர் சொன்னது, இன்னும் தெரியாதது, இப்போது என்ன தேவை. "நல்லாயிருவா" என்று எழுதக் கூடாது என்று எங்களுக்கும் கட்டளை. டாக்டரே சொல்லாததை நாம் சொல்ல யார்? அந்த இரண்டு செய்தி தொடங்கிய பிறகு வீட்டுக்காரர் போன் அடிப்பது பாதிக்கு மேல் குறைந்தது. அதற்கு முன் அந்த மனுஷன் ஒரே கதையை நாற்பது பேருக்குச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தார்.

"ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். ஆபத்தில் இருக்கிறவர்களுக்கு அது இன்னொரு வேலை. என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று பார்த்து, கூச்சத்தை விட்டுக் கேட்க வேண்டும். கோபிக்காரி அப்படிக் கேட்கவே இல்லை. அவள் தம்பியை அனுப்பி, ஒன்பது நாள் சாளையில் படுக்க வைத்து, காலையும் பொழுதோடவும் பால் கறக்க வைத்தாள். மயிலுக்கு நினைவு தெளிந்ததும் கையைக் காட்டிக் காட்டிக் கேட்டது மாடுகளைத்தான். கறந்தாச்சு என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்க வந்த ஒரம்பரைகள் எல்லோரும் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள். ஒரு அத்தை, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் இளநீர் புகட்டப் போனார். விழுங்கும் பரிசோதனை முடியாமல் சொட்டுக்கூடக் கூடாது என்று கட்டில் மேலேயே எழுதி ஒட்டினோம். ஆனாலும் ஹார்லிக்ஸ் நின்றபாடில்லை.

பேச்சுத் திரும்ப மாதக்கணக்கானது. கை இன்னும் முழுசாக வரவில்லை. பால் கறக்க முடியாதது அவளுக்குப் பெரிய குறை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண் மாதாமாதம் பிரஷர் மாத்திரையைச் சாளைக்கே கொண்டுவந்து கொடுத்து, பழைய அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறார். அந்த எண்ணிப் பார்ப்பது மயிலுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

எங்கள் ஐவர் குழுவின் உச்சியில் இப்போது ஒரு செய்தி குத்தி வைத்திருக்கிறது. ஒவ்வொருத்தி வீட்டு வாசலில் நின்று எடுத்த லொகேஷன், ரோட்டிலிருந்து வழி, பக்கத்து வீட்டு நம்பர், பிள்ளைகள் நம்பர், மாத்திரை அட்டைப் படம், நாய் உண்டா இல்லையா. டீச்சர்தான் போட்டாள். என் வீட்டுக்கு எழுதும்போது, திருப்பூரில் பதினெட்டு வருஷமாக ஒரே காம்பவுண்டில் இருக்கிற நான் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரை அன்றைக்குத்தான் போய் வாங்கி வந்தேன்.

மயிலு இடது கையால் மெதுவாக அடிக்கிறாள், ஆகவே பிழை வருகிறது. ஒவ்வொரு பிழைக்கும் எங்களில் யாராவது ஒருத்தி உடனே கூப்பிடுகிறோம். போன வாரம் ராத்திரி பத்தரைக்கு ஒரு 'ச்' விட்டுப்போயிற்று. மூன்று பேர் ஒரே நேரத்தில் அடித்திருக்கிறோம். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு செய்தி வந்தது: "தூங்க விடுங்கடி." ஒற்று, முற்றுப்புள்ளி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பல்லடத்துக்காரி வீடியோ கால் போட்டு, ஒரு தரம் ஈ என்று சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.